மறிச்சுக்கட்டிக் கரையும் மேனாட்டு வரலாற்றுப் புனைகதையும்

மன்னாரிலிருந்து கரையோரமாகத் தெற்கே செல்பவர் அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி ஆகிய துறைகளைக் கடந்து, வில்பத்துக் காட்டின் வட எல்லையை நெருங்கும் வேளையில் மறிச்சுக்கட்டியை அடைவர். முசலிப் பிரதேசத்தைச் சேர்ந்த இவ்வூர் இன்று பலருக்கு வெறும் பெயர். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பாரிசிலும் பம்பாயிலும் பாரசீக வளைகுடாவிலும் முத்து வணிகர் நாவில் நாள்தோறும் ஒலித்த பெயர் இது. கீழைத்தேய முத்துச் சந்தையின் தலைவாயில் ஒரு பருவத்துக்கு இம்மணல் வெளியிலேயே அமைந்திருந்தது.

இக்கரையின் பொருளாதார வரலாறு ஆய்வாளரால் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. முத்துக்குளிப்பில் அரசுக்குக் கிடைத்த வருவாய், சிப்பிகளின் தொகை, படகுகளின் கணக்கு ஆகியன நிருவாக அறிக்கைகளிற் பதிவாகியுள்ளன. இக்கட்டுரை அவற்றை மீண்டும் தொகுக்க முற்படவில்லை. மேனாட்டார் வளர்த்தெடுத்த வரலாற்றுப் புனைகதை என்னும் கலைக்கும் இக்கரைக்கும் உள்ள தொடர்பு யாது? அக்கலையைப் பயின்றோர் கைக்கொண்ட ஒழுங்குமுறைகள் எவை? அவ்வொழுங்குகளால் இக்கரையைப் பார்த்தபோது அவர்கள் கண்டது எது, காணத் தவறியது எது? இவ்வினாக்களே இங்கு ஆராயப்படுகின்றன. இவை வெறும் இலக்கிய வினாக்கள் அல்ல என்பது கட்டுரையின் இறுதியிற் புலப்படும்.

அரிப்புக் கோட்டையிலிருந்து இலண்டன் அச்சுக்கூடம் வரை

தொடர்பின் முதற் கண்ணி பதினேழாம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. 1660இல் கொட்டியாரக் குடாவிற் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிற் கைதியாக வாழ்ந்தான். சிறு வணிகனைப் போல ஊர் ஊராகத் திரிந்து, வடக்கு நோக்கிச் செல்லும் வழிகளை அறிந்து, ஈற்றில் ஸ்டீபன் றட்லண்ட் என்னும் தோழனுடன் அனுராதபுரப் பக்கமாகத் தப்பி ஓடினான். அருவியாற்றின் கரையைப் பின்பற்றிக் காட்டினூடே நடந்து 1679 ஒக்டோபரில் இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டை. மறிச்சுக்கட்டிக்கு வடக்கே, அதே கரையில், இன்றும் அதன் இடிபாடுகள் உள்ளன. நொக்ஸின் சிறைவாழ்வு இக்கரையிலே முடிவுற்றது.

இங்கிலாந்து மீண்ட நொக்ஸ் 1681இல் இலங்கை பற்றிய தன் நூலை வெளியிட்டான். அறிவியலறிஞர் றொபேட் ஹூக் அதற்கு முன்னுரை எழுதினார். அந்நூல் நாவலாசிரியன் டானியல் டீபோவின் கையிற் சேர்ந்தமைதான் நமக்கு முக்கியமானது. 1719இல் வெளிவந்த 'றொபின்சன் குரூசோ'வில் நொக்ஸின் தனிமை வாழ்வினது சாயல் உண்டென ஆய்வாளர் பலர் கருதுவர். அடுத்த ஆண்டு வெளிவந்த 'கப்டன் சிங்கிள்டன்' பற்றி ஊகத்துக்கே இடமில்லை. நொக்ஸின் கதையை டீபோ அதிற் சுருக்கி அப்படியே சேர்த்துள்ளான்.

டீபோவை வரலாற்று நாவலாசிரியன் எனக் கூறும் வழக்கம் இல்லை. எனினும், அக்கலையின் ஓர் அடிப்படையை வகுத்தவன் அவனே. 1665ஆம் ஆண்டு இலண்டனைப் பீடித்த கொள்ளை நோயைப் பற்றி 1722இல் அவன் எழுதிய நூல், நேரிற் கண்டவன் கூற்றாக அமைந்துள்ளது. நோய் பரவியபோது அவனோ சின்னஞ்சிறு குழந்தை. வாரந்தோறும் வெளியான மரணப் பட்டியல்களையும் நகர நிருவாகக் கட்டளைகளையும் திரட்டி, அவற்றின்மேற் கற்பனைச் சாட்சியொருவனை அவன் உலவவிட்டான். ஆவணமும் அனுபவமும் இணையும் இடத்திலே வரலாற்றுப் புனைகதை பிறக்கிறது என்பதை டீபோ செய்துகாட்டினான். அவனுக்கு அவ்வகை ஆவணம் ஒன்றை அளித்த மனிதன் விடுதலை மூச்சு விட்ட கரை நம்முடையது என்பதை மறக்கலாகாது.

ஸ்கொட் வகுத்த நெறி

வரலாற்று நாவல் தனியொரு வகையாக நிலைபெற்றது சேர் வோல்டர் ஸ்கொட்டின் காலத்திலாகும். 1771இல் எடின்பரோவிற் பிறந்த ஸ்கொட், குழந்தைப் பருவ நோயாற் கால் ஊனமுற்றவர். உடல் தேறும்பொருட்டு நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட அவர், எல்லைப்புற மக்களின் வீரக் கதைகளையும் கதைப்பாடல்களையும் கேட்டு வளர்ந்தார். சட்டம் பயின்று நீதித்துறைப் பதவிகளை வகித்தபோதிலும் கதைப்பாடல் தேடும் வேட்கை அவரை விடவில்லை. 1802 முதல் அவர் வெளியிட்ட எல்லைப்புறக் கதைப்பாடற் றொகுப்பே பின்னாளைய நாவல்களுக்கு நாற்றங்காலாயிற்று. மக்கள் வாய்மொழியைத் திரட்டியவர் வரலாற்று நாவலின் தந்தையானார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

1814இல் ஆசிரியர் பெயரின்றி 'வேவர்லி' வெளிவந்தது. 1745இல் எழுந்த ஸ்கொட்லாந்துக் கிளர்ச்சியே அதன் பொருள். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுக் கால இடைவெளியைத் துணைத் தலைப்பிலேயே ஸ்கொட் குறித்துள்ளார். இவ்விடைவெளி கருத்தின்றி அமைந்ததன்று. கிளர்ச்சியிற் கலந்துகொண்ட முதியவர் சிலர் ஸ்கொட்டின் இளமையில் உயிரோடிருந்தனர். அதாவது, சாட்சிகள் முற்றாக மறையாத, ஆயினும் சினமும் அச்சமும் தணிந்த ஒரு தொலைவை அவர் தேர்ந்தார். முதுமக்கள் நினைவு அணைவதற்கு முன் அதை எழுத்தில் ஏற்றுவதே தம் கடன் என அவர் கருதினார்.

ஸ்கொட்டின் இரண்டாவது ஒழுங்கு கதைத் தலைவனைத் தெரிவதிலே உள்ளது. அரசரும் தளபதியரும் அவர் நாவல்களின் ஓரத்தில் நிற்பர். நடுவே நடமாடுபவன், இரு தரப்புக்கும் இடையே அகப்பட்ட நடுத்தர மனிதன். ஹங்கேரியத் திறனாய்வாளர் கியோர்கி லூகாச் வரலாற்று நாவல் பற்றி 1930களில் எழுதிய நூலில் இப்பண்பையே ஸ்கொட்டின் பெருஞ்சாதனையாக எடுத்துக்காட்டினார். வரலாற்றின் பெருஞ்சக்திகள் மோதுவதைச் சாதாரண மனிதனின் அன்றாட வாழ்விற் காட்டுவதே அச்சாதனை. காலத்துக்குரிய ஆடையும் வாளும் மட்டும் ஒரு கதையை வரலாற்று நாவலாக்குவதில்லை. அக்காலம் மனிதரின் மனப்போக்கை எவ்வாறு உருவாக்கியது என்பதைக் காட்டுவதே ஆக்கும்.

இக்கலை வாழ்க்கையிற் கோரும் விலையையும் ஸ்கொட் அறிந்திருந்தார். அவர் பங்குகொண்டிருந்த அச்சு நிறுவனமும் அவர் நூல்களை வெளியிட்ட பதிப்பகமும் 1826இல் முறிந்தன. ஏறத்தாழ ஓர் இலட்சத்து இருபதினாயிரம் பவுண் கடன் அவர்மேல் விழுந்தது. வங்குரோத்துச் சட்டத்தின் நிழலில் ஒதுங்காமல், எழுதியே கடனை அடைப்பதென அவர் துணிந்தார். 1832இல் இறக்கும்வரை அவர் பேனா ஓயவில்லை. அந்த அவசர ஆண்டுகளில், 1827இல், அவர் எழுதிய 'மருத்துவனின் மகள்' என்னும் கதையின் பிற்பகுதி ஹைதர் அலி காலத்து மைசூரில் நிகழ்வது. ஸ்கொட் இந்தியாவைக் கண்டவரல்லர். இந்தியாவில் இருந்து திரும்பிய நண்பர் ஒருவரின் விவரங்களைத் துணையாகக் கொண்டார். தம் எல்லைப்புற மலைகளில் ஒவ்வொரு கல்லையும் அறிந்த அதே கை, காணாத நாட்டை எழுதியபோது தளர்ந்தது. திறமை குறைந்ததன்று காரணம்; முதியவர் வாய்மொழி என்னும் ஊற்று அங்கே இல்லை.

ஸ்கொட்டின் வழிவந்தோர் இக்குறையை உணர்ந்தனர். பிரெஞ்சு நாவலாசிரியர் புளோபேர் பழைய கார்த்தேஜ் நகரைப் பற்றி 'சலம்போ'வை எழுதத் தொடங்கியபின், நூலறிவு போதாதெனக் கண்டு 1858இல் துனீசியாவுக்குச் சென்றார்; மீண்டு வந்து எழுதியதைப் புதிதாகத் தொடங்கினார். 1862இல் நூல் வெளிவந்தபோது தொல்பொருள் அறிஞர் சிலர் குறைகூற, அவர் தம் ஆதாரங்களை எடுத்துக்காட்டி வாதிட்டார். தோல்ஸ்தோய் 'போரும் அமைதியும்' எழுதுங்காலை, 1867இல், பொரதினோப் போர்க்களத்தை நேரிற் சென்று பார்த்தார். ஆக, தொலைவு, சாதாரண மனிதன், ஆவணம், மண்ணை மிதித்தல் என்னும் நான்கும் மேனாட்டு வரலாற்று நாவலின் தொழில்முறை ஒழுங்குகளாக நிலைபெற்றன.

காணாத கரை

இவ்வொழுங்குகள் எவையும் இன்றியும் நம் கரை ஐரோப்பியக் கலையிற் புகுந்ததுண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜோர்ஜ் பிசே அமைத்த 'முத்துக்குளிப்போர்' என்னும் இசை நாடகம் 1863 செப்டெம்பரிற் பாரிசில் அரங்கேறியது. பழைய இலங்கையின் முத்துக்குளிப்புக் கரையே அதன் களம். நாடகத்தின் கதையமைப்பாளர் முதலில் எண்ணிய களம் மெக்சிக்கோ. பின்னர் அதனை இலங்கையாக மாற்றினர். களம் ஒரு கண்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறியும் கதைக்கு ஊறு நேரவில்லை என்பதே அக்கதைக்கும் களத்துக்கும் ஒட்டில்லை என்பதற்குச் சான்று. பிசேயின் இசை இன்றும் போற்றப்படுகிறது. அதிலே கோயிலும் காதலும் ஆணையும் உண்டு. அழுகும் சிப்பியின் நாற்றம் இல்லை. சுழியோடியின் பங்கு எத்தனை என்ற கேள்வியும் இல்லை.

மணலில் எழுந்த நகர்

அவ்விரண்டும் எத்தன்மையன என்பதைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் ஆண்டுதோறும் பயன் தருவனவல்ல. 1891க்குப் பின்னர் பன்னிரண்டு ஆண்டுகள் குளிப்பு நடைபெறவில்லை. காரணத்தை ஆராய 1902இல் வந்த பேராசிரியர் ஹேர்ட்மன் ஐந்து தொகுதிகளில் அறிக்கை அளித்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னல் ஆய்வைத் தொடர்ந்தார். 1903இற் குளிப்பு மீண்டும் தொடங்கியது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருவாய் கிடைத்தது.

அப்பருவங்களில் மறிச்சுக்கட்டியின் மணலிற் கிடுகாலும் கம்பாலும் ஒரு நகர் எழுந்தது. கச்சேரி, நீதிமன்றம், மருத்துவமனை, சிறைக்கூடம், கடைத்தெரு யாவும் சில கிழமைகளில் தோன்றிச் சில கிழமைகளில் மறைந்தன. கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களிலிருந்து தமிழரும் முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும் சுழியோட வந்தனர். செட்டிமாரும் பம்பாய் வணிகரும் ஏலம் கேட்கக் காத்திருந்தனர். பல்லாயிரம் பேர் கூடிய அந்நகரை 1907இல் வெளிவந்த தம் பயண நூலில் அமெரிக்கர் பென்பீல்ட் வியப்போடு விவரித்தார்.

படகுகள் நள்ளிரவிற் கரைக்காற்றோடு புறப்படும். விடியலிற் பாரை அடையும். வெடியொலி கேட்டதும் குளிப்பு ஆரம்பமாகும். கல்லிற் காலை ஊன்றிச் சுழியோடி கீழே செல்வான். மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். அராபியர் மூக்கைக் கொம்பினாற் செய்த கவ்வியால் அடைத்தனர். நம்மவர் கையாற் பொத்திக்கொண்டனர். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளை வாரிக் கூடையில் இட்டு மீள வேண்டும். நண்பகல் வெடியோடு வேலை முடியும். கடற்காற்றோடு படகுகள் கரை சேரும். சிப்பிகள் கொட்டு எனப்படும் அடைப்பினுட் கொண்டுசெல்லப்பட்டு மூன்று குவியல்களாக்கப்படும். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவருக்கு. எந்த இரண்டு என்பதை அதிகாரியே தெரிவார். ஆகையால் குவியல்களைச் சமமாகப் பிரிப்பதே சுழியோடிக்கு நன்மையாயிற்று. மாலையில் அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என ஏலம் போகும். வாங்கியவர் சிப்பிகளை நாட்கணக்கில் அழுகவிட்டு, ஈயும் புழுவும் மொய்த்த பின் கழுவி முத்தைத் தேடுவர். கொள்ளை நோயைப் பற்றிய அச்சம் எப்போதும் நகரின்மேற் கவிந்திருந்தது.

1906இல் இம்முத்துப் பார்கள் தனியார் கம்பனியொன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907இன் பின்னர் பார்கள் வெறுமையாயின. 1912இற் கம்பனி கலைக்கப்பட்டது. மணல் நகரும் மறைந்தது.

கொட்டு அதிகாரியின் மூன்று எழுத்துகள்

1906ஆம் ஆண்டுப் பருவத்திற் கொட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் இருபத்தைந்து வயதான லெனாட் வூல்ஃப். இலண்டனிற் பிறந்து கேம்பிரிட்ஜிற் பயின்ற அவர், 1904 டிசெம்பரிற் கொழும்பில் இறங்கி, 1905இன் தொடக்கம் முதல் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பயிலுநராகப் பணியாற்றியவர்; தமிழ் கற்றவர். மறிச்சுக்கட்டி அனுபவத்தை அவர் மூன்று வடிவங்களில் எழுதியுள்ளார். முதலாவது, முகாமிலிருந்தே நண்பர் லிற்றன் ஸ்றேச்சிக்கு எழுதிய கடிதம். இரண்டாவது, 1921இல் ஹோகார்த் அச்சகம் வெளியிட்ட மூன்று கீழைத்தேயக் கதைகளுள் ஒன்றான 'முத்துகளும் பன்றிகளும்'. மூன்றாவது, 1961இல் வெளிவந்த, அவருடைய இலங்கை ஆண்டுகளைக் கூறும் தன்வரலாற்றுத் தொகுதி. ஒரே மனிதன், ஒரே நிகழ்ச்சி. இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள். நிகழ்ச்சி புனைவாகவும் வரலாறாகவும் எவ்வாறு உருமாறுகிறது என்பதைக் கற்பதற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு அரிது.

கடிதத்திற் பேசுவது இளைஞன் ஒருவனின் களைப்பும் எள்ளலும். கதையிலோ வூல்ஃப் ஸ்கொட்டைப் போல ஓர் இடைவெளியை அமைத்தார். இங்கிலாந்துக் கடற்கரை விடுதியொன்றில் வசதியான கனவான்கள் சிலர் கீழை நாடுகளை ஆளும் முறை பற்றி வாய்க்கு வந்தபடி பேசுகின்றனர். அவர்களிடையே இருந்த ஓய்வுபெற்ற இந்திய நிருவாகி ஒருவர், தாம் கண்ட முத்துக்குளிப்பை எடுத்துரைக்கிறார். நூலறிவால் ஆட்சியைத் திருத்த முனையும் இளம் அதிகாரி ஒருவனும், குடியால் அழிந்த வெள்ளைக்காரன் ஒருவனும் அக்கதையில் உள்ளனர். பின்னவன் தான் செய்த கொடுமைகளைப் பிதற்றியவாறு, கட்டிவைக்கப்பட்ட நிலையில் இழிவாக இறக்கிறான். கடலில் உயிர்நீத்த அராபியச் சுழியோடி ஒருவனின் உடலை அவன் தோழர்கள் கரைக்குக் கொணர்ந்து, அமைதியோடும் மாண்போடும் துயர் கொள்கின்றனர். இரு மரணங்களையும் அருகருகே வைத்துவிட்டுக் கதைசொல்லி ஓய்கிறார். எவர் முத்து, எவர் பன்றி என்பதை வாசகரே தீர்ப்பிடட்டும் என்பது கதையின் நோக்கு.

தன்வரலாற்றில் அராபியனின் மரணம் மீண்டும் வருகிறது. வெள்ளைக்காரனின் மரணத்துக்கு ஈடாக வைக்கப்படும் வாதம் அங்கில்லை. முதியவரான வூல்ஃப் தாம் கண்டதை, அது தம்முள் விட்ட தடத்தோடு, அடக்கமாகச் சொல்கிறார். ஏகாதிபத்தியத்தின் சிறு உறுப்பாகத் தாம் இருந்ததையும் மறைக்கவில்லை.

வூல்ஃபின் நேர்மையை மதித்துக்கொண்டே ஒரு குறையைச் சுட்ட வேண்டியுள்ளது. கதையின் நிலைக்களம் மறிச்சுக்கட்டி என்பதை அதன் வாசகர் அறியார். இறந்த அராபியனுக்குப் பெயரில்லை. தமிழ் பேசும் சுழியோடிகள் திரளாக மட்டுமே வந்துபோகின்றனர். முகாம் கலைந்த பின்னரும் அக்கரையில் வாழும் ஊர் மக்கள் அறவே இல்லை. சிப்பியை எண்ணும் பணியிலிருந்தவர் கொட்டின் வாயிலில் நின்று பார்த்தார். அங்கிருந்து தெரிந்ததையே எழுதினார்.

இது வூல்ஃபின் ஆற்றற் குறைவால் நேர்ந்ததன்று என்பதற்கு அவருடைய நாவலே சான்று. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர், சிங்களம் கற்று, ஊர் ஊராகச் சென்று, வழக்குகளை விசாரித்து, நாட்குறிப்பு எழுதினார். அவ்வனுபவத்திலிருந்து 1913இல் 'காட்டினுள் ஒரு கிராமம்' பிறந்தது. அதிலே கதைத் தலைவன் சிலிந்து என்னும் ஏழை வேட்டைக்காரன். வெள்ளை அதிகாரி ஓரத்தில் நிற்கிறார். நடுவே நிற்பவர் ஊரார். 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாக்கும் அளவுக்கு இந்நாட்டார் அதைத் தமதாக ஏற்றனர். மறிச்சுக்கட்டியில் அவர் இருந்தது சில கிழமைகள்; அம்பாந்தோட்டையில் மூன்று ஆண்டுகள். அங்கே கூட்டம் கண்டார்; இங்கே குடும்பம் கண்டார். மண்ணை மிதித்தல் என்னும் ஒழுங்கு, ஒருமுறை வந்து பார்த்துச் செல்வதால் நிறைவுறாது. தங்கி, மொழியறிந்து, கேட்பதாலேயே நிறைவுறும்.

தமிழ் வரலாற்று நாவலும் இக்கரையும்

மேனாட்டு நெறியைத் தமிழுக்குக் கொணர்ந்த முன்னோடி ஈழத்தவர் என்பது நாம் பெருமைகொள்ளத்தக்கது. திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி' தமிழின் முதலாவது வரலாற்று நாவலாகக் கொள்ளப்படுகிறது. அதன் களம் பதினேழாம் நூற்றாண்டு நாயக்கர் கால மதுரையும் தஞ்சையும். ஈழத்துக் கரையில் வளர்ந்தவரும் வரலாற்றுக் கதைக்குத் தமிழகத்து அரண்மனையையே நாடினார்.

கல்கி இவ்வகையைப் பெருவழக்காக்கினார். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை எழுதுவதற்காக ஓவியர் மணியத்துடன் அவர் இலங்கை வந்து பழம்பதிகளைப் பார்வையிட்டார். புளோபேரின் ஒழுங்கை அவர் புறக்கணிக்கவில்லை. அந்நாவலில் மன்னார்க் கரையின் மாதோட்டமும் இடம்பெறுகிறது. படகோட்டும் பெண்ணாகிய பூங்குழலி வாசகர் மனத்தில் இன்றும் வாழ்கிறாள். ஆயினும் கதையின் சக்கரம் சுழல்வது சோழ சிங்காசனத்தைச் சுற்றியே. கல்கியின் வழிவந்தோர் பலரும் ஸ்கொட்டின் ஆடையணிகளை எடுத்துக்கொண்டு, நடுத்தர மனிதன் என்னும் அவருடைய உயிர்நாடியை விட்டுவிட்டனர். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட 'தமிழ் நாவல் இலக்கியம்' நாவலைச் சமூக வரலாற்றோடு பொருத்திப் பார்க்குமாறு நம்மை வற்புறுத்தியது. அப்பார்வையில் நோக்கின், அரசர் இல்லாத கரைக்கு வரலாறே இல்லை என்னும் மயக்கத்தைத் தமிழ் வரலாற்று நாவல் நெடுங்காலம் வளர்த்தது எனலாம்.

எதிர்க்கரையில் இம்மயக்கம் கலைந்துள்ளது. தூத்துக்குடிப் பரதவ மக்களின் இருபதாம் நூற்றாண்டு வாழ்வைப் பல தலைமுறைகளினூடாகக் கூறும் ஜோ டி குரூசின் 'கொற்கை' 2009இல் வெளிவந்து, 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதமி விருதைப் பெற்றது. அரசவை இல்லை; கடலும் தோணியும் மக்களும் உள்ளனர். அக்கடலில் வளர்ந்தவர் எழுதியமையால் கொட்டின் வாயிலிலிருந்து தெரியாத அனைத்தும் அதிலே தெரிகின்றன.

எழுதப்பட வேண்டியது

இனி, தொடக்கத்திற் கூறியவாறு, இவ்வினா இலக்கியத்தோடு நில்லாமைக்குக் காரணம் கூற வேண்டும். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மறிச்சுக்கட்டி மக்களும் தம் ஊரை விட்டகன்றனர். புத்தளத்திலும் அயற்பகுதிகளிலும் இருபது ஆண்டுகள் அகதிகளாக வாழ்ந்தனர். கைவிடப்பட்ட வளவுகளைக் காடு மூடியது. வூல்ஃபின் நாவல் முடியுமிடத்திற் கிராமத்தைக் காடு விழுங்குவதை வாசித்தோர்க்கு இக்காட்சி புதியதன்று. 2009இற் போர் முடிந்தபின் மக்கள் மீளத் தொடங்கினர். அப்பொழுது, அழிக்கப்படுவது காடா, மீட்கப்படுவது ஊரா என்னும் தகராறு எழுந்தது. 2015இல் அது நாடளாவிய விவாதமாயிற்று. 2017இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய இடங்களின் காடுகளை உள்ளடக்கி மாவில்லுப் பாதுகாக்கப்பட்ட வனம் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. காடு பேணப்பட வேண்டும் என்போரின் கவலையும் பொய்யன்று. தம் தந்தையர் கிணற்றைத் தேடுவோரின் கோரிக்கையும் பொய்யன்று. இவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் பணியன்று.

ஆயினும், வரலாற்று மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இங்கே முன்பு யார் வாழ்ந்தனர் என்று கேட்கப்படும்போது ஏடுகள் என்ன விடை தருகின்றன? இசை நாடகம் ஒரு கனவுக் கரையைக் காட்டுகிறது. பயண நூல் இரண்டு மாத நகரைக் காட்டுகிறது. அறிக்கை சிப்பிகளை எண்ணுகிறது. வூல்ஃபின் கதை வெள்ளையரின் மனச்சான்றை விசாரிக்கிறது. பருவம் முடிந்து பந்தல் பிரித்த பின்னரும் அங்கே வலை வீசியவரையும் வயல் விதைத்தவரையும் பள்ளிவாசலில் தொழுதவரையும் இவற்றுள் எதுவும் நமக்கு அறிமுகப்படுத்தவில்லை. சிப்பிக்குக் கணக்கு இருந்தது. மனிதருக்குக் கதை இல்லை. எழுதப்படாத ஊர் இல்லாத ஊராகக் கருதப்படும் இடர் இதனாலேயே நேர்கிறது.

நாவல் காணி உறுதி அன்று. நீதிமன்றத்திற் சான்றாகவும் நில்லாது. ஆனால், ஓர் ஊர் இருந்தது என்பதைப் பிறர் மனத்தில் நிறுத்தும் ஆற்றல் அதற்குண்டு. பத்தேகம என்னும் கற்பனைச் சிற்றூரை வூல்ஃப் அவ்வாறு நிறுத்தினார். அதற்கான கருவிகள் நம் கையிலும் உள்ளன. ஹேர்ட்மனின் தொகுதிகளும் நிருவாக அறிக்கைகளும் ஆவணமாகின்றன. மொழி நம்முடையது. மண் அருகே இருக்கிறது. எஞ்சியது, ஸ்கொட் தம் எல்லைப்புறத்திற் செய்த பணி: முதியோரின் வாய்மொழியைத் திரட்டல். 1990இல் இருபது வயதினராய் ஊரை விட்டவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அவர்தம் பாட்டனாரிடம் முத்துக்குளிப்புக் காலத்துக் கதைகளைக் கேட்டோர் அவர்களிலும் மூத்தவர். ஸ்கொட் குறித்த அறுபது ஆண்டு இடைவெளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. எஞ்சிய காலம் நீண்டதன்று.

பல்கலைக்கழக விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு முதியவர் அருகில் அமர்வதிலிருந்து இப்பணி தொடங்கலாம். நாவலை எழுதுபவர் பின்னர் வருவார். அவர் வரும்போது, கொட்டின் வாயிலில் நிற்க வேண்டிய தேவை அவருக்கு இராது. உள்ளிருந்து சொல்வதற்கான சொற்கள் திரட்டப்பட்டிருக்கும்.